தூண்டிலில் தெரியாத மீன் விழுந்தால்

(கந்தப்பளையில் தோட்டத்து இளைஞர்கள், தாய்மார் மத்தியில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லையென்றால் நம்ம பையன்கள் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆத்துப் பக்கம் போய்விடுகிறார்கள். அந்தியில் லயத்து வாசலில் ஒரு மீனைப் போட்டு, "இது என்னா மீனு? திங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கொரு பேர் சொல்கிறோம். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

கந்தப்பளை 6,000 அடிக்கு மேலே இருக்கிற இடம். பள்ளத்து ஆற்று மீன்கள் பெரிய அருவிகளைத் தாண்டி இவ்வளவு தூரம் ஏறி வருவது கஷ்டம். குளிரும் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே இங்கே முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் விழுந்தால், பெரும்பாலும் அது யாரோ கொண்டுவந்து விட்ட மீனாகத்தான் இருக்கும். நம்ம பாட்டன் பூட்டனைக் கூட்டிவந்த அதே வெள்ளைக்காரத் தொரைமார்தான் 1880களில் பிரௌன் ட்ரவுட் மீனை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தார்கள், தூண்டில் போட்டுப் பொழுதுபோக்குவதற்காக! அதன் பிறகு வந்த ரெயின்போ ட்ரவுட்தான் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் நிலைத்துப் பெருகியது. 1988 முதல் அது தேசிய பூங்கா. அங்கே தூண்டிலோடு போகவே கூடாது.

ட்ரவுட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், செத்தபிறகு நிறம் மாறும். முதுகுச் செட்டைக்கும் வாலுக்கும் நடுவில் பாருங்கள். முள்ளே இல்லாமல், சின்ன சதைத் துண்டு போல இன்னொரு செட்டை இருக்கும். செதிள் மிகச் சிறியது, தடவினால் செதிளே இல்லாத மாதிரி வழுக்கும். வால் வரைக்கும் கறுப்புப் புள்ளியும், பக்கவாட்டில் ரோஸ் நிறக் கோடும் இருந்தால் அது ரெயின்போ. உடம்பில் சிவப்புப் புள்ளியும் கலந்திருந்தால் பிரௌன்.

வாயோரம் நாலு சின்ன மீசை, பெரிய செதிள், நீண்ட முதுகுச் செட்டை இருந்தால் அது கார்ப். சிலதுக்கு அங்கொன்று இங்கொன்றாகத்தான் செதிள் இருக்கும், அதுவும் கார்ப்தான். மீசை இல்லாமல், உடம்பு அகலமாகி, முதுகுச் செட்டையில் முள்ளு முள்ளாகக் குத்தினால் திலாப்பியா. 1952இல் இலங்கைக்கு வந்தது. சூடான தண்ணியைத் தேடும் மீன் என்பதால் கீழே கொத்மலைப் பக்கம்தான் அதிகம். இவை மூன்றும் நல்ல சாப்பாட்டு மீன்கள். புள்ளத்தாச்சிகளுக்கும் சின்னப் புள்ளைகளுக்கும் முள் எடுத்துக் கொடுக்கலாம்.

இதில் எதிலும் சேராத மீன் வந்தால்தான் யோசிக்க வேண்டும். குருநாகல் பக்கம் தெதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் அப்படி ஒன்று வந்தது. நம்ம லூலா, அதாவது விரால் போலவே இருந்தது. ஆனால் ஏழு கிலோ வரை வளர்ந்தது! தாய்லாந்து, இந்தோனேசியாப் பக்கத்து ராட்சத விரால் அது. அலங்கார மீனாக வளர்த்தவர்கள் பெரிதானதும் தண்ணியில் விட்டிருப்பார்கள் என்று கருதுகிறார்கள். மற்ற மீன்களைத் தின்று தீர்ப்பதால் அங்குள்ள மீனவர்களின் பிடி குறைந்தது. அதைப் பிடித்து ஒழிக்க 2025இல் தூண்டில் போட்டியே வைத்தார்கள். கண்ணாடித் தொட்டியைச் சுத்தப்படுத்துமென்று வாங்குகிறோமே, எலும்புக் கவசம் போட்ட உடம்பும் அடியில் உறிஞ்சும் வாயும் உள்ள மீன், அதுவும் இப்படித்தான் நாட்டின் குளங்களில் பரவி வலையைக் கிழிக்கிறது. நுவரெலியாக் கடையில் வாங்கிய மீன் பெரிதாகிவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். பாவம் என்று ஓடையில் விடாதீர்கள்.

இன்னொன்று, தாய்மார் நன்றாகக் கேளுங்கள். என்ன மீன் என்பதைவிட, அது எப்படிக் கிடைத்தது என்பது முக்கியம். நம்ம ஓடைகள் மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழேதான் ஓடுகின்றன. மருந்தடித்த டாங்கியை அதில்தான் சிலர் கழுவுகிறார்கள். மீனும் நண்டும் தவளையும் சேர்ந்து மிதந்தால் அது மருந்தாக இருக்கலாம். "சும்மா கிடைச்சதுதானே" என்று பொறுக்கிவந்து குழம்பு வைக்காதீர்கள். கொதிக்கவைத்தால் மருந்து போய்விடும் என்று நம்ப முடியாது. புள்ளைகளையும் அந்தத் தண்ணியில் இறங்கவிடாமல், உடனே தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

தூண்டிலில் துடிப்பாக வந்த மீன், ஆனால் பேர் தெரியவில்லை என்றால், வெட்டுமுன் போனில் நாலு படம் எடுங்கள்: முழு உடம்பு, வாய், முதுகு, வால். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்தால் அளவு தெரியும். பிடித்த இடத்தையும் நாளையும் எழுதி, நக்டா எனப்படும் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை உத்தியோகத்தருக்குக் காட்டுங்கள். பதில் வரும்வரை அந்த மீனை மறுபடி தண்ணியில் விடவும் வேண்டாம், சட்டியில் போடவும் வேண்டாம்.