மூன்று கால் நாற்காலி: ஆர்னே யாக்கொப்சனின் வாழ்வும் படைப்பும்



இலக்கணத்தில் உவமையாகுபெயரைக் கற்பித்த காலமெல்லாம் ‘பாவை வந்தாள்’ என்னும் எடுத்துக்காட்டையே நாம் சொல்லி வந்தோம். டென்மார்க்கிலோ நாற்காலிகளே அவ்வாறு பெயர் பெற்றுள்ளன. எறும்பு, அன்னம், முட்டை, நாக்கு என்னும் அந்நான்கையும் படைத்தவர் ஒருவரே. கட்டடக் கலைஞர் ஆர்னே யாக்கொப்சன்.

1902இல் கோப்பன்ஹேகனில் பிறந்த அவர், முதலில் கொத்து வேலை பயின்று, பின்னரே கட்டடக்கலை கற்றார். மாணவராக இருந்தபோதே, 1925ஆம் ஆண்டின் பாரிசுக் கண்காட்சியில் அவர் வடிவமைத்த நாற்காலி வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1930களில் கோப்பன்ஹேகனுக்கு வடக்கே கடலோரத்தில் எழுந்த பெல்லாவிஸ்டா என்னும் வெண்ணிறக் குடியிருப்பு அவர் பெயரை நாடறியச் செய்தது.

அவர் யூதர். 1943இல் நாட்சிப் படையினர் டென்மார்க்கு யூதர்களைச் சிறைப்பிடிக்க முனைந்தபோது, சிறு படகொன்றில் நீரிணையைக் கடந்து சுவீடனை அடைந்தார். கட்டடம் எழுப்ப இடமில்லாத அந்நாள்களில் செடிகொடிகளைக் கூர்ந்து நோக்கித் துணிகளுக்கும் சுவர்த்தாள்களுக்கும் கோலங்கள் வரைந்தார். அவர் மனைவி யோனா துணியில் அச்சிடும் கலை அறிந்தவர். போர் முடிந்தபின் இருவரும் தாயகம் திரும்பினர்.

‘எறும்பு’ 1952இல் நோவோ என்னும் மருந்து நிறுவனத்தின் உணவுக்கூடத்திற்கென உருவானது. இருக்கையும் முதுகுச் சாய்வும் வளைத்த ஒரே ஒட்டுப்பலகை, இடை ஒடுங்கியது, தாங்குபவை மெல்லிய மூன்று எஃகுக் கால்கள். நால் + கால் என்று பிரித்துப் பொருள் காணும் நமக்கு அதனை நாற்காலி என்றழைக்க நா எழாது. முக்காலி என்றாலோ சாய்வில்லாத வேறொரு பொருள் நினைவுக்கு வரும்! வட்ட மேசையைச் சுற்றிப் பலர் அமரும்போது கால்களின் நெரிசல் குறையவேண்டும் என்பது யாக்கொப்சனின் கருத்து. அசைந்து அமர்வோர்க்கு மூன்று கால் போதாதென்னும் குறையும் மெய்யே. ஆயினும் அவர் வாழ்ந்தவரை இணங்கவில்லை. 1971இல் அவர் மறைந்த பின்னரே நான்கு கால் எறும்பு விற்பனைக்கு வந்தது.

ஆசிரியர்களாகிய நம் நெஞ்சைத் தொடுவது 1957இல் நிறைவுற்ற முங்கெகோர் பள்ளி. கோப்பன்ஹேகனையொட்டிய கெந்தொப்தெ நகரில் உள்ளது. வகுப்பறைகள் தரைத்தளத்திலேயே பரவியுள்ளன. அவற்றினிடையே சிறு முற்றங்கள். ஒவ்வொரு முற்றத்திலும் வெவ்வேறு தரைப்பாவல், வெவ்வேறு செடிகள். பெரும்பள்ளியொன்றில் சேர்ந்த சிறுபிள்ளை தன் முற்றத்தைக் கொண்டே தன் வகுப்பை அறிந்துகொள்ளலாம். ‘நாக்கு’ இப்பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பிறந்ததே. மேசையும் விளக்கும் திரைச்சீலையுங்கூட அவர் வரைந்தவை. நாம் பணியாற்றிய பள்ளிகளில் பிள்ளையின் உயரத்தைக் கேட்டு மேசை செய்தவர் எவரையும் கண்டதில்லை.

இதே முழுமை வேட்கையை 1960இல் கோப்பன்ஹேகனில் திறக்கப்பட்ட எசுஏஎசு ராயல் தங்கும் விடுதியிலும் காண்கிறோம். அன்னமும் முட்டையும் அதற்கெனவே உருவாயின. கரண்டி முதல் கதவுக் கைப்பிடி வரை அனைத்தும் அவர் கைவண்ணம். இங்கே நமக்குச் சிறு தயக்கம் உண்டு. பள்ளிப் பிள்ளை தன் முற்றத்தில் ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. விடுதிக்கு வருபவரோ மறுநாள் புறப்படுகிறார். அத்துணை நுணுக்கத்தை அவர் எங்ஙனம் உணர்வார்? உரிமையாளர்க்கும் அவ்வையம் எழுந்ததோ என்னவோ, காலப்போக்கில் மற்ற அறைகளின் தோற்றம் மாற்றப்பட்டது. முட்டையும் அன்னமும் உலகெங்கும் விலைபோகின்றன. 606ஆம் எண் அறை மட்டும் நீலப்பச்சை இருக்கைகளோடு, அவர் அமைத்த வண்ணமே காக்கப்பட்டு வருகிறது.