பதிவேட்டைக் கேளுங்க
(கள்ளக்குறிச்சி மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்வராயன் மலையில் சேலம் பக்கம் இருக்குற ஊர் கருமந்துறை. அங்கே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படிச்ச ஒரு மலையாளிப் பெண் 2025ல் ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் பழங்குடியினர் பட்டியலில் 417ஆவது இடம் வாங்கினார். சென்னை ஐஐடியில் இடம் கிடைத்தது. (மலையாளின்னா கேரளான்னு நினைச்சுடாதீங்க, இந்த மலையோட பழங்குடி.) பத்திரிகைகள் சாதனைன்னு எழுதின. சாதனைதான். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் கிடந்த மலை இது. அவங்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்காங்க.

பிழைப்புக்காகப் பெற்றோர் மிளகு பறிக்கக் கேரளத்துக்கும், காப்பித் தோட்டத்துக்குக் குடகுக்கும் போறாங்க. விடுதியில் சோறு ஒழுங்கா இருந்தா பிள்ளை பள்ளியில் தங்கும். இல்லேன்னா அதுவும் மூட்டை முடிச்சோட வண்டியேறும். பள்ளியின் பெயரிலேயே ‘உண்டு’தானே முதலில் வருது! ஆனால் பல இடங்களில் தலைமையாசிரியரே விடுதிக் காப்பாளர். அரிசி, பருப்புக் கணக்கு முடிச்சாத்தான் அவர் பாடத்துக்கு வர முடியும்.

2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியான பிறகுதான் உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலையை விசாரித்தது. பிணம் விழுந்தால்தான் மலை கண்ணுக்குத் தெரியுமா?

எஸ்.சி., எஸ்.டி.ன்னு ஒரே மூச்சில் முழங்குகிறோம். ஐஐடி போன பெண்ணுக்குச் சால்வை போடுங்க, நானும் வரேன். அப்படியே, கூட ஆறாம் வகுப்பில் சேர்ந்தவங்களில் எத்தனை பேர் பன்னிரண்டு முடிச்சாங்கன்னு பதிவேட்டைக் கேளுங்க. காப்பாளர் வேலைக்குத் தனி ஆள் போடச் சொல்லி மனு எழுதி வெச்சிருக்கேன். வாசலில் இருக்கு, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.