தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு வீடு செய்யும் துணை

(புதுவையில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



மாலை நான்கரை மணி. முத்தியாலுப்பேட்டையிலோ முதலியார்ப்பேட்டையிலோ ஒரு வீடு. முதல் வகுப்பிற் படிக்கும் பிள்ளை பள்ளியிலிருந்து வந்து பையை இறக்கி வைக்கின்றது. தாய் பையைத் திறந்து குறிப்பேட்டைப் புரட்டுகின்றாள். ஆசிரியை ஏதோ எழுதி அனுப்பியிருக்கின்றார், எழுத்து ஆங்கிலம். அத்தாய் எட்டாம் வகுப்பு வரை தமிழில் நன்கு படித்தவள். நாளிதழைத் தடையின்றிப் படிப்பவள். வீட்டு வரவு செலவை விரல்நுனியில் வைத்திருப்பவள். ஆயினும் அவ்வொரு வரியின்முன் அவள் எழுத்தறியாதவள் ஆகிவிடுகின்றாள். அண்டை வீட்டுக் கல்லூரி மாணவியைத் தேடுகின்றாள். அவளும் இல்லையெனில், எங்கே கையொப்பமிடுவது என்று தன் ஆறு அகவைப் பிள்ளையையே கேட்டு, அது விரல்வைத்துக் காட்டிய இடத்தில் ஒப்பமிட்டு அனுப்புகின்றாள்.

அன்று அவ்வீட்டில் ஒரு கேடு தொடங்குகின்றது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்கின்றது. தனக்கு ஒன்றும் தெரியாது என்பதைத் தாயும் நம்பத் தொடங்குகின்றாள். அடுத்த திங்களே பிள்ளை தனிப்பயிற்சிக்குப் போகின்றது. வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் அடுத்தபடியாக அப்பயிற்சிக்கூலி வந்து நிற்கின்றது. பிள்ளைக்குச் சோறூட்டியவள், சொல்லூட்டியவள், நிலவைக் காட்டியவள், 'இனி உன் வேலை பையைத் தூக்குவது மட்டுமே' என்று ஒதுக்கப்படுகின்றாள். இஃது ஒரு வீட்டின் நிலை அன்று. புதுவையின் தெருதோறும் காணலாம்.

இந்நிலை எவ்வாறு வந்தது? புதுவைக்கெனத் தனிப் பாடத்திட்டமும் தேர்வு வாரியமும் இருந்ததில்லை. 1954 நவம்பர் முதல்நாள் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. அதன் பின்னர்ப் புதுவையும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகி கேரளப் பாடத்திட்டத்தையும், ஏனாம் ஆந்திரப் பாடத்திட்டத்தையும் சார்ந்து நின்றன. பின்னர் அரசுப்பள்ளிகளின் தொடக்க வகுப்புகள் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறின. 2023-24ஆம் கல்வியாண்டு தொடங்கி மேல்வகுப்புகளும் மாறின. பாடத்திட்டம் மாறியதைக் குறைகூறுதற்கில்லை. அதனோடு ஆங்கிலவழியும் கைகோத்து வந்து தொடக்க வகுப்பில் அமர்ந்துகொண்டதே இங்குக் கருதத்தக்கது. பெற்றோரும் அதனை விரும்பினர் என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆலையிலும் கடலிலும் உழைத்தவன், தன் பிள்ளை அலுவலகத்தில் நாற்காலியில் அமர வேண்டும் என்று விரும்புவது இயல்பே. அவ்விருப்பத்தைப் பழிப்பவர் தம் பிள்ளையை எப்பள்ளியில் சேர்த்தார் என்று கேட்டால் பலர் வாய் திறவார்!

எழுத்துக் கற்றலின் இயல்பைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். செவிக்கும் வாய்க்கும் முன்பே பழகிய சொல்லைக் கண்ணுக்கும் கைக்கும் பழக்குவதே தொடக்கக் கல்வி. பிள்ளை 'பட்டம்' என்னும் சொல்லை எழுத்துக்கூட்டுகின்றது என்க. ப, ட், ட, ம் என ஒவ்வொன்றாய் ஒலித்துக் கூட்டி முடித்த நொடியில் அதன் முகம் மலர்கின்றது; கடற்கரையில் தான் பறக்கவிட்ட பட்டம் அன்றோ அது! அ, ஆ என்று நெடுங்கணக்கு வரிசையில் தொடங்காமல் ட, ப, ம என்னும் எளிய வடிவங்களில் தொடங்கும் ஆசிரியர்கள், இம்மலர்ச்சியைப் பிள்ளை விரைவிற் காணட்டும் என்றே அவ்வாறு செய்கின்றனர். மூன்றெழுத்தும் மேலே ஒரு புள்ளியும் கற்றவுடன் படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்கள் வந்து குவியும்.

தமிழெழுத்து 247 என்று சொல்லி அச்சுறுத்துவோர் உளர். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இவற்றையும் உயிர்க்குறிகள் சேரும் முறையையும் அறிந்த பிள்ளைக்கு எஞ்சிய உயிர்மெய் 216உம் பெரும்பாலும் தாமே விளங்கும். உகர, ஊகார வரிசைகளில்தான் கை சற்றுத் தடுமாறும். அங்கே ஆசிரியர் பொறுமையோடு நிற்க வேண்டும்.

ஆங்கிலத்திலோ 'பட்' என்பதும் 'புட்' என்பதும் முதலெழுத்து ஒன்று நீங்கலாக ஒரே எழுத்துகளைக் கொண்டவை, ஒலிப்போ வேறு. இவ்விடர் ஆங்கிலேயப் பிள்ளைக்கும் உண்டு. ஆயினும் அச்சொற்களை அப்பிள்ளை தாயின் வாயிலாகக் கேட்டு வளர்ந்திருக்கின்றது. பொருள் முன்னின்று கைகொடுக்கின்றது. புதுவைப் பிள்ளைக்கு எழுத்தும் புதிது, ஒலியும் புதிது, பொருளும் புதிது. அப்பிள்ளை படிப்பதாகத் தோன்றுவது பலவேளை உருப்போட்டு ஒப்பித்தலே. பொத்தகத்தை மூடிவிட்டு, அதே சொல்லை வேறோரிடத்தில் எழுதிக் காட்டினால் விழிக்கும். பெற்றோர் இதனை இன்றிரவே ஆய்ந்து பார்க்கலாம்.

எண்ணிலும் இதே கதைதான். தாய் கடைக்குப் போய், 'அறுபத்தைந்து உருவா' என்று கடைக்காரர் சொல்லக் கேட்டுக் காசு எடுக்கின்றாள். உடன்சென்ற மூன்றாம் வகுப்புப் பிள்ளை, 'அறுபத்தைந்து என்றால் எவ்வளவு அம்மா?' என்று கேட்கின்றது. பள்ளியில் அது அவ்வெண்ணை ஆங்கிலத்தில் மட்டுமே அறியும். இருபது, முப்பது, நாற்பது என்று இரண்டும் மூன்றும் நான்கும் வெளிப்பட நிற்கும் எண்ணுப்பெயர் தமிழுடையது. பிரெஞ்சு கற்ற புதுவைப் பெரியவர்களைக் கேளுங்கள். தொண்ணூறு என்பதற்கு அம்மொழியார் 'நான்கு இருபதும் பத்தும்' என்று சொல்வர். நம் தொண்ணூறும் பிள்ளையைச் சற்று மயக்குவதே. ஒன்பதுக்குத் 'தொண்டு' என்னும் பழம்பெயர் உண்டென்பதைத் தொல்காப்பியமும் பரிபாடலும் காட்டும். அதனைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் அறிந்திருந்தாற் போதும். அடுக்களையிலோ கணக்குக் கொட்டிக் கிடக்கின்றது. தேங்காயை உடைத்தால் அரை. தோசையை நான்காய்க் கிழித்தால் கால். மூன்று துண்டைத் தட்டில் வைத்தால் முக்கால். பின்னம் என்னும் பாடம் ஐந்தாம் வகுப்பில் பிள்ளையை அச்சுறுத்துவதற்குக் கரணியம், அதனை முதல் வகுப்பிலேயே தட்டில் காட்டாமையே.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தியை நினைவுகூர்தல் தகும். ஆந்திரு பெல் என்னும் காட்டுலாந்தியர் 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கே ஆசிரியர்கள் அவர் விரும்பியவாறு கற்பிக்கவில்லை. ஒருநாள் ஊர்ப்பள்ளி ஒன்றில் தமிழ்ப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் காப்பகத்திற் புகுத்தினார். கற்ற சிறுவரைக் கொண்டே மற்றச் சிறுவர்க்குக் கற்பிக்கச் செய்தார். அதனை நூலாக எழுதி 1797இல் இலண்டனில் வெளியிட்டார். 'மெட்ராசு முறை' என்னும் பெயரால் அஃது இங்கிலாந்தின் பள்ளிகளிற் பரவியது. திண்ணைப்பள்ளியில் பிரம்படியும் இருந்தது. பெண்பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்டோர்க்கும் அதன் வாயில் பெரும்பாலும் அடைத்தே இருந்தது. அவற்றை விட்டுவிடுக. மணலும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித் தருவதும் இன்றும் ஒவ்வொரு வீட்டிலும் கைக்கெட்டும் பொருள்கள். ஐந்தாம் வகுப்பு அக்காள், முதல்வகுப்புத் தம்பிக்குக் கோலமாவில் எழுதிக் காட்டினால் செலவும் இல்லை. அக்காளுக்கும் பாடம் உறுதிப்படும்.

இனி வீட்டுப்பாடத்துக்கு வருவோம். புதுவை, சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆட்சி எல்லைக்கு உட்பட்டது. அம்மன்றம் 2018 மே திங்களில், நடுவண் வாரியப் பள்ளிகளில் முதலிரு வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தரலாகாது என்று ஆணையிட்டது. அவ்வாண்டு நவம்பரில் நடுவணரசும் மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் அதனை வலியுறுத்தி எழுதியது. முதலிரு வகுப்புகளுக்குப் பையின் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டலாகாது என்றும் வரையறுத்தது. வீட்டில் ஒருமுறை பிள்ளையின் பையைத் தூக்கிப் பாருங்கள். பள்ளி வீட்டுப்பாடம் தராவிடில், 'இப்பள்ளியில் ஒன்றும் சொல்லித் தருவதில்லை' என்று பெற்றோரே குறைபடுகின்றனர். அதனால் பள்ளியும் தருகின்றது. இவ்வட்டத்தில் சுழல்வது பிள்ளை. ஆறு முதல் பன்னிரண்டு அகவை வரையிலான பிள்ளை நாள்தோறும் 9 முதல் 12 மணிநேரம் உறங்க வேண்டும் என்பது மருத்துவ வல்லுநர் கருத்து. பள்ளி விட்டதும் பயிற்சி, பயிற்சி விட்டதும் கைப்பேசி, பத்து மணிக்குச் சோறு என்றிருக்கும் வீட்டில் அவ்வுறக்கம் எங்கிருந்து வரும்?

அப்படியாயின் வீடு செய்யத்தக்க துணைதான் யாது? பாடம் நடத்துவது வீட்டின் வேலை அன்று. மாலையில் பதினைந்து மணித்துளி போதும். பிள்ளை தமிழ்ப் பொத்தகத்தை எடுத்து உரக்கப் படிக்கட்டும். தாய் கீரை ஆய்ந்துகொண்டே கேட்கட்டும். பிழை நேர்ந்தால் உடனே அதட்டாமல், வரி முடிந்தபின் 'மறுபடி படி, கேட்போம்' என்றால் பிள்ளையே பெரும்பாலும் திருத்திக்கொள்ளும். படித்ததைத் தன் சொல்லால் சொல்லச் சொல்லுக. 'அந்தக் காக்கா பறந்து வந்துச்சு' என்று பிள்ளை சொன்னால், 'வந்தது என்று சொல்' என்று இடைமறித்துக் கதையை முறித்துவிடலாகாது. பேச்சுக்கும் எழுத்துக்கும் தமிழில் இடைவெளி உண்டு. நாள்தோறும் படிக்கக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அவ்விடைவெளி தானே சுருங்கும். தூய தமிழ் வேண்டும் என்போர் இப்பொறுமையை முதலிற் கற்க வேண்டும்; ஆறு அகவைப் பிள்ளையின் பேச்சை எள்ளி நகையாடி வளர்த்த தமிழ் எதுவும் இல்லை. காரைக்காலை அடுத்த நிரவியில் 1909இல் ஆசிரியப் பணி ஏற்று முப்பத்தேழு ஆண்டுகள் பிள்ளைகளிடையே வாழ்ந்த பாவேந்தர், அப்பிள்ளைகளுக்கென எளிய பாட்டெழுதத் தயங்கவில்லை என்பதை நினைக்க.

எழுதப் படிக்கத் தெரியாத தாத்தாவும் பாட்டியும் இதிற் பெருந்துணை. வைத்திக்குப்பத்து மீனவப் பாட்டிக்குத் தெரிந்த மீன்பெயர்களும் காற்றின் பெயர்களும் எந்தப் பாடநூலிலும் இல்லை. பேரன் அவற்றைக் கேட்டு எழுதி வகுப்பிற்குக் கொண்டுபோனால், ஆசிரியர் அதனைக் கரும்பலகையில் ஏற்ற வேண்டும். பிள்ளைக்குக் கரும்பலகை தெரிகின்றதா, சொல்வது காதில் விழுகின்றதா என்பதையும் ஆசிரியர் நோக்க வேண்டும். 'மக்கு' என்று பெயர் வாங்கிய பிள்ளைகளுள் சிலர்க்கு வேண்டியது ஒரு கண்ணாடியே. பசியைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. 1930இலேயே பள்ளிப்பிள்ளைக்கு நண்பகல் உணவு தரத் தொடங்கிய ஊர் புதுவை.

தாய் ஆங்கிலம் அறியாவிடினும் இவற்றுள் அனைத்தையும் செய்ய முடியும். அவளால் முடியாதது ஒன்றே; பள்ளி அனுப்பும் குறிப்பைப் படிப்பது. அதனைத் தமிழில் எழுதி அனுப்புதல் பள்ளியின் கடமை. இவ்வேண்டுகைக்குச் சட்டத்தின் சார்பும் உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்கின்றது. நடுவண் வாரியமே 2023 சூலையில், தன் பள்ளிகள் இந்திய மொழிகளைப் பயிற்றுமொழியாகக் கொள்ளலாம் என்று சுற்றறிக்கை விடுத்தது. ஆகவே வாரியம் தடுக்கின்றது என்று இனி எவரும் சொல்லுதற்கில்லை. தமிழ்வழிப் பிரிவு வேண்டும் என்று போதிய பெற்றோர் கேட்டால் கதவு திறக்கும்; எவரும் கேளாமலிருந்தால் அது சாத்தியே கிடக்கும். அதுவரையில், ஆங்கிலவழி வகுப்பிலும் குறிப்பேட்டு வரிகளையும் பிள்ளையின் வளர்ச்சிக் குறிப்பையும் தமிழில் தருவதற்கு எந்த ஆணையும் வேண்டா. ஆசிரியையும் தமிழரே, தாயும் தமிழரே!

அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப்பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்றும், அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், சரிபாதியினர் பெண்டிராகவும் இருக்க வேண்டும் என்றும் விதிக்கின்றது. அக்குழுவில் தம் பெயர் இருப்பதையே அறியாத தாய்மார் உளர். பள்ளிக்குச் சென்று குழுவினர் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு நால்வர் ஐவராகச் சேர்ந்து செல்லுங்கள். 'பிள்ளையின் குறிப்பேட்டில் எழுதுவதைத் தமிழில் எழுதியனுப்புக' என்னும் வேண்டுகையைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். வாயாற் சொன்னது கூட்டக் குறிப்பேட்டில் ஏறாமற் போகக்கூடும்.