சேற்றில் தங்கும் உலோகம்

கொல்கத்தா நகரத்தின் கழிவுநீர் நாள்தோறும் கால்வாய்கள் வழியே கிழக்கு நோக்கி ஓடுகிறது. அங்கே சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பில் மீன்பண்ணைகளும் நெல்வயல்களும் காய்கறித் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. 'பேரி' எனப்படும் ஆழமில்லாத குளங்களில் கழிவுநீரைத் தேக்குகிறார்கள். வெயில் பட்டதும் பாசி செழிக்கிறது. பாசியைத் தின்று மீன் வளர்கிறது. மீன் நகரத்துச் சந்தைக்கே திரும்பிப் போகிறது. 1980களில் துருபஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர் இந்த ஏற்பாட்டின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னார். 2002-இல் இந்த ஈரநிலம் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது.

மனிதக் கழிவையும் சமையற்கட்டுக் கழிவையும் நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். ஆனால் குரோமியம், காரீயம், காட்மியம் போன்ற கன உலோகங்களைச் சிதைக்க எந்த உயிராலும் முடியாது. அவை இடம் மாறும், வடிவம் மாறும். அழியாது.

இங்கே குரோமியம் பெரும்பாலும் தோல் ஆலைகளிலிருந்து வந்தது. டாங்ரா, தோப்ஸியா, தில்ஜலா பகுதிகளில் நூற்றுக்கணக்கான ஆலைகள் பல தலைமுறைகளாக இயங்கின. தோலைப் பதப்படுத்தும் குரோமிய உப்பில் கணிசமான பங்கைத் தோல் ஏற்பதில்லை. மிஞ்சியது சாக்கடையில் போய்ச் சேரும். ஆலைகளை இடம் மாற்ற 1996-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட, பந்தாலாவில் தோல் வளாகம் எழுந்தது. அதற்கு முன்பே வந்து சேர்ந்த குரோமியமோ கால்வாய் வண்டலிலேயே தங்கிவிட்டது.

களிமண் துகளும் மக்கிய இலைச்சத்தும் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். காற்றுப் புகாத சேற்றில் காட்மியம், காரீயம் போன்றவை கந்தகத்தோடு சேர்ந்து கரையாத உப்பாக உறங்கும். கோடையில் குளம் வற்றினாலோ, தூர்வாரிய சேற்றைக் கரையில் காய விட்டாலோ காற்று பட்டு அந்த உப்பு உடையும்; உலோகம் மீண்டும் நீரில் கரையும். தூர்வாருவது நல்ல வேலை என்றே எல்லோரும் நம்புகிறோம். சேற்றைச் சோதித்துப் பார்க்காமல் வயலுக்கு உரமாகக் கொடுத்தால் அந்த நல்ல வேலையே கேடாகிவிடும்.

செடிகளின் பங்கு வியப்பூட்டுவது. சம்பு, நாணல் போன்றவை இலைவழி இழுத்த காற்றை வேருக்கு அனுப்புகின்றன. அது வேரைச் சுற்றியுள்ள இரும்பைத் துருவாக்கிச் செந்நிறப் படலமாகப் படிய வைக்கிறது. பல உலோகங்கள் அந்தப் படலத்திலேயே சிக்கிக்கொள்ளும். குரோமியம் பெரும்பாலும் வேரைத் தாண்டுவதில்லை. காட்மியம் அப்படியல்ல, இலைவரை எளிதாக ஏறிவிடும். அதனால்தான் கழிவுநீர் பாயும் தோட்டங்களில் கீரையைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் காட்மியம் சாப்பாட்டுத் தட்டுக்கு வரும் குறுக்குவழி அது.

பேரிகளின் கரையோரம் மீனவர்கள் ஆகாயத்தாமரையை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். அலை கரையை அரிக்காமல் அது காக்கும், உலோகத்தையும் வேரில் வாங்கிக்கொள்ளும். ஆனால் செடி அங்கேயே அழுகினால் வாங்கியதெல்லாம் சேற்றுக்கே திரும்பும். அதை அள்ளி உரமாக்கினால் உலோகம் வயலுக்குப் போகும். செடி தற்காலிகக் காவலர் மட்டுமே. அள்ளியபின் அதை எங்கே சேர்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆகவே உலோகத்தை ஆலைக்குள்ளேயே பிடிப்பதுதான் முறை. தோலைப் பதப்படுத்தியபின் மிஞ்சும் நீரில் மக்னீசியம் ஆக்சைடைக் கலந்தால் குரோமியம் அடியில் படியும். அந்தப் படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடியும் தோலுக்கே பயன்படுத்தலாம். சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மீட்பு முறையை இந்திய ஆலைகளுக்குக் கற்றுத் தந்திருக்கிறது. ஆலைக்கும் இதில் லாபம்தான், குரோமிய உப்பு வாங்கும் செலவு குறைகிறது.