பல் வேருக்குள் ஒரு கித்தா

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பல் மருத்துவர்கள் அமர்ந்திருக்கும் மேடையில் தொலைக்காட்சி அறிவிப்பாளருக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். நோயாளி என்ற தகுதியில் வந்திருக்கிறேன்.

ஜாசின் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். பல்வலி என்றால் பாட்டி கிராம்பை நசுக்கி வைப்பார். அடங்காவிட்டால் புகையிலை. அதற்கும் அடங்காவிட்டால் டவுனுக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். பாட்டியைக் குறை சொல்லமாட்டேன். கிராம்பிலுள்ள யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துப் பல் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். புகையிலையை மட்டும் மறந்துவிடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுள்ளென்று பிடித்து, அரை நிமிடமாகியும் விடாது. இரவில் படுத்தால் இன்னும் மோசம். பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாயும் சேர்ந்த கூழ் வீங்குகிறது, சுற்றிலும் கெட்டிச் சுவர், வீங்க இடமில்லை, அதனால்தான் இந்தத் துடிப்பு என்றார் மருத்துவர். வேர் சிகிச்சை தொடங்கினார். முதல் நாளே வலி நின்றது. நானும் படப்பிடிப்பு, பயணம் என்று இரண்டாம் முறை போகவில்லை. மூன்று மாதம் கழித்து, தீபாவளி நிகழ்ச்சிப் பதிவுக்கு முதல் நாள், கன்னம் தேங்காய் மூடியைக் கவிழ்த்ததுபோல் வீங்கிவிட்டது. தவறு என்னுடையது. நரம்பு செத்தாலும் வலி நிற்கும்; கிருமி வேர் நுனி வழியே எலும்புக்குள் இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

சுத்தம் செய்த வேர்க்குழாயை எதனால் அடைக்கிறார்கள் தெரியுமா? கட்டா பெர்ச்சா. மலாயில் 'கெத்தா பெர்ச்சா'. நம் தோட்டத்தார் ரப்பரைக் 'கித்தா' என்பது அதே கெத்தாதான்! இது தாபான் என்ற நம் காட்டு மரத்தின் பால். 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட இதைத் தேடி மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். ரப்பர் மரம்போல் நாள்தோறும் சீவி எடுக்கும் வழக்கம் அதற்கில்லை. 1896இல் டான் சாய் யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டது தனிக்கதை. வேதியியலில் இரண்டு பாலும் உடன்பிறப்புகள். மூலக்கூறு ஒன்றே, வளைவு மட்டும் வேறு. அதனால் ஒன்று இழுபடும், மற்றொன்று விறைத்து நிற்கும். 1867 முதல் வேர்க்குழாய்க்குள் போகும் பொருள் இது.

இதற்கும் குறை உண்டு. மெல்லிய குழாய்க்குள் தள்ளும்போது வளையும். இடுக்கில் வெற்றிடம் விட்டால் கிருமி குடியேறும். இங்கேதான் நானோ வருகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பங்கிட்டால் ஒரு நானோமீட்டர். கலிபோர்னியாவில் டீன் ஹோ குழுவினர் சில நானோமீட்டர் அளவே உள்ள வைரத் துகளைக் கட்டா பெர்ச்சாவோடு கலந்தார்கள். வலு கூடியது. துகளின் மேல் அமொக்சிசிலின் மருந்தையும் ஏற்றிச் சோதனைக் கூடத்தில் பார்த்தார்கள். 2017இல் நோயாளிகளிடம் செய்த சோதனையின் முடிவு வெளிவந்தது. நல்ல முடிவுதான். ஆனால் எத்தனை பேர்? மூன்றே பேர்.

அதனால் யாராவது "நானோ அடைப்பு, கொஞ்சம் கூடுதல் கட்டணம்" என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்: டாக்டர், அது என்ன பொருள், எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? கால்சியம் சிலிகேட் பசைகள் பல இடங்களில் புழக்கத்தில் உள்ளன. அவற்றில் நுண்துகள் இருப்பது உண்மை. ஆனால் குழாயைச் சரியாகக் கழுவாமல் வைரத்தை வைத்தாலும் பயனில்லை. பல்லைச் சுற்றி ரப்பர் தாள் கட்டி எச்சிலைத் தடுத்தாரா, வேர் நுனிவரை எக்ஸ்ரே எடுத்தாரா, முடிந்தபின் மேலே உறை போடச் சொன்னாரா? நான் முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

செலவு? தனியாரில் கடைவாய்ப் பல்லுக்கு ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டுவதுண்டு. அரசாங்கப் பல் கிளினிக்கில் குறைவு, காத்திருக்க வேண்டும். மெர்லிமாவிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டு வரும் அக்காவுக்கு, நாலு தடவை வாருங்கள் என்பதைவிடப் பிடுங்குவது மலிவாகத் தெரியும். அவரிடம் மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு என்று. என்னிடமும் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் பல் தப்பியது. இரண்டாவது முறை ஐந்து தடவை போனேன்.