சிரிப்பும் தருமமும்

பாலக்காட்டுச் சிற்றூர்களின் பொறாட்டு நாடகத்தில் ‘சோத்தியக்காரன்’ என்றொரு விகடன் உண்டு. வரும் பாத்திரங்களையெல்லாம் கேள்விகளால் மடக்கி விடிய விடியச் சிரிக்கவைப்பான். பாட்டிலோ தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கும்.

அவ்விகடத்தைத் தரும நிதிக்குப் பயன்படுத்த நாமும் முனைந்தோம். 2020 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டனர் அல்லவா? பெரும்பாலோர் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பத்தினர். எஞ்சிய பிள்ளைகளுக்கு உதவ நம் சங்கம் நகைச்சுவை நாடகமொன்று நடத்திற்று. நடிகர் ஒருவர் கொழுந்து பறிக்கும் பெண்ணின் பேச்சைக் கொச்சையாக்கிக் காட்டினார், அரங்கம் அதிர்ந்தது. பின்வரிசையில், தோட்டத்திலிருந்து வந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து வெளியேறினார். உண்டியல் நிறைந்தது, நமக்கோ தலை நிமிரவில்லை.

நாகர்கோவிலில் 1908-இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், ஈட்டியதை வாரி வழங்கியவர். அவருடைய ‘கிந்தனார்’ காலட்சேபத்தில் கல்விக்கு ஏங்கும் ஏழைச் சிறுவன் வருகிறான். சபையோர் சிரித்தது அவனைப் பார்த்தன்று, அவனைத் தடுத்த வழக்கத்தைப் பார்த்தே. இதை நாம் முன்னரே எண்ணியிருக்க வேண்டும்.

மறுமுறை சோத்தியக்காரனையே மேடையேற்றினோம். நன்கொடைக்குப் பெயர்ப்பலகை கேட்கும் தனவந்தரை மடக்கினான். கணக்குக் காட்டத் தயங்கும் செயலாளரையும் விடவில்லை. அச்செயலாளர் நாமே. வரவுசெலவை மறுநாள் காலையிலேயே சங்க வாசலில் ஒட்ட வேண்டியதாயிற்று.