‘கப்பம்’ என்னும் சொல் தகுமா?



சட்டநூல்களில் வழங்கும் ‘எக்ஸ்டோர்ஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பற்றிச் சில கூற விரும்புகின்றோம். சொல்லாராய்ச்சி புலவர்க்கன்றோ உரியது, உழுவோருக்கும் உத்தியோகத்தருக்கும் அதனால் பயன் யாது என வினவுவாருளர். பொருளை இழப்பவர் நாமாக இருக்க, அவ்விழப்புக்குப் பெயரிடுபவர் பறித்தவராக இருத்தல் தகாது. அதுவே பயன்.

இச்சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. முறுக்கி வெளியே எடுத்தல் என்பதே அதன் முதற்பொருள். சித்திரவதையைக் குறிக்கும் ‘டோர்ச்சர்’ என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததாகும். ஈரத்துணியை முறுக்கினால் நீர் வடிகின்றது. அது துணி மனமுவந்து ஈந்த நீராகுமா?

களவுக்கும் இதற்குமுள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கின்றது. களவில் உடையவன் இசைவின்றிப் பொருள் எடுக்கப்படுகின்றது. இதிலோ உடையவனே தன் கையால் எடுத்துக் கொடுக்கின்றான். 1883 ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 372 ஆம் பிரிவில் இக்குற்றத்தை வகுத்துரைக்கின்றது. தீங்கு நேருமென ஒருவனை வேண்டுமென்றே அச்சுறுத்தி, அவ்வச்சத்தால் அவன் பொருளை ஒப்படைக்குமாறு நேர்மையீனமாகத் தூண்டுதலே அது. பணம் மட்டுமன்று, பின்னர் பெறுமதியுள்ள ஆவணமாக மாற்றத்தக்க, கையொப்பமிட்ட வெறுந்தாளும் இதில் அடங்கும். ஆகவே, “நீதானே கொடுத்தாய், நீதானே ஒப்பமிட்டாய்” என்பது குற்றத்தை நீக்கும் விடையாகாது.

பழைய ஆங்கில வழக்கில் இச்சொல் சிறப்பாக அதிகாரிகளையே சுட்டிற்று. பதவியின் பெயரால், உரியதல்லாததையோ, உரியதினும் மிகுதியாகவோ, உரிய காலத்துக்கு முன்னரோ வாங்குதல் என்று பிளாக்ஸ்டன் என்னும் சட்ட அறிஞர் பதினெட்டாம் நூற்றாண்டில் விளக்கினார். அதற்கும் முன்னர், 1215 இல் ஜோன் மன்னன் இசைந்த மகா சாசனத்தின் 28 ஆம் வாசகம், விற்பவன் தவணைக்கு உடன்பட்டாலன்றி, உடனே விலை கொடாது அரச அலுவலர் எவருடைய தானியத்தையும் எடுத்தலாகாது என விதித்தது. உழவனின் களஞ்சியத்துக்கு அன்றே காவல் வேண்டியிருந்தது போலும்! நம் வள்ளுவரும், செங்கோலேந்திப் பொருள் கேட்கும் மன்னனை வேலேந்தி நிற்கும் வழிப்பறிகாரனுக்கு ஒப்பிட்டார்.

இத்தகைய கொடுமைக்கு நம் நாட்டில் வழங்கும் பெயர் யாது? ‘கப்பம்’ என்கின்றோம். கப்பமாவது சிற்றரசன் பேரரசனுக்குச் செலுத்திய திறை. மிரட்டியவனைப் பேரரசனாகவும், மிரண்டவனை அவன் கீழ்க் குடியாகவும் அச்சொல் ஆக்கிவிடுகின்றது. வேறு சிலர் ‘சந்தோஷம்’ என்பர். யாருக்குச் சந்தோஷம்?

இலஞ்சம் என்று எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைப்பதும் பொருந்தாது. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி இலஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகளே. அச்சத்தால் கொடுத்தவனை, ஆதாயம் கருதிக் கொடுத்தவனோடு ஒரே வரிசையில் நிறுத்தலாமா? எது எக்குற்றமென முடிவு செய்தல் நீதிமன்றத்தின் பணி. நடந்ததை நடந்தவாறு உரைத்தல் நம் கடமை.

ஆதலின், முறைப்பாடு எழுதும்போது “பணம் கொடுத்தேன்” என்று மட்டும் எழுதி நிறுத்திவிடலாகாது. மிரட்டியவர் சொன்ன சொற்கள் யாவை, எத்தீங்குக்கு அஞ்சினோம், எதனை, எந்நாளில், எவர் கையில் ஒப்படைத்தோம் என்பவற்றை வரிசையாக எழுதுதல் வேண்டும். அச்சமும், அவ்வச்சத்தால் விளைந்த ஒப்படைப்புமே இக்குற்றத்தின் உயிர்நிலை. அச்சத்தை எழுதாது விட்டால், பறிகொடுத்தது நன்கொடையாகத் தோன்றும். கற்ற அன்பர்கள் இதனை எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுத்தல் பெருந்தொண்டாகும்.

மிரட்டிப் பறித்தலை மிரட்டிப் பறித்தல் என்றே இனி நாம் கூறுவோமாக.